தீபாவளியும் வாயில்லா ஜீவன்களும்

(நம் சங்கத்தின் கோலார் தங்கவயல் கிளை அங்கத்தினர்கள் தீபாவளிக்கு முன்பு குடும்பத்துடன் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பிற ஊர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கிளைச் செயலாளர் விரும்பியதால் எழுத்தில் தரப்படுகிறது.)



"அரை மணி பேசுங்கோ ஸார், ஆன்மிகமா இருந்தாலும் சரி, ஆரோக்கியமா இருந்தாலும் சரி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இரண்டிலும் பேச எனக்கு அதிகாரம் கிடையாது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். மத்திய அரசுப் பணியில் 36 வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். எனக்கு இப்போது 75 நடக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்த பௌதிகத்தையும், இந்த ஊரில் கண்ணால் பார்த்ததையும் வைத்து ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். தீபாவளி, கார்த்திகை, போகி ஆகிய மூன்று பண்டிகைகளிலும் நாம் நெருப்பையும் வெடியையும் கையாளுகிறோம். அப்போது நம் வீட்டு நாய், பூனை, பசு, தோட்டத்து அணில், காக்கை, தேரை எல்லாம் என்ன பாடு படுகின்றன, நாம் என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

பட்டாசே கூடாது என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. குழந்தைகள் முகம் வாடும்படி எதையும் சொல்லப் போவதில்லை. பயப்பட வேண்டாம்.

தங்கவயல்காரர்களுக்குத் தெரிந்த இரண்டு சத்தங்கள்

நான் 1979-ல் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். அப்போது சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போய்விட்டது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த நாட்களை அறிந்தவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். நமக்கெல்லாம் இரண்டு வகைச் சத்தம் பழக்கம். ஒன்று, சங்கு. ஷிப்டு மாறும் நேரத்தில் ஊதும். அதை வைத்துக் கடிகாரத்தைச் சரி செய்வோம். எவ்வளவு பலமாக ஊதினாலும் தொட்டிலில் இருக்கிற குழந்தைகூட எழுந்திருக்காது.

இன்னொன்று ராக் பர்ஸ்ட். பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிப்பது. அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. நடுராத்திரியில் தரை அதிரும். பரணில் இருக்கிற பாத்திரங்கள் உருளும். அடுத்த நிமிஷம் மைனர்ஸ் லைனில் எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் நிற்பார்கள். எந்தச் சுரங்கம், எந்த மட்டம், தன் வீட்டு மனுஷர் கீழே இருக்கிறாரா என்று தெரியாத நிலை. அன்று இரவு யாரும் தூங்குவதில்லை.

இந்த இரண்டையும் பிரிப்பது சத்தத்தின் அளவு அல்ல. முன்கூட்டித் தெரிந்த சத்தம் நம்மை ஒன்றும் செய்வதில்லை. காரணம் தெரியாமல், நேரம் தெரியாமல், எந்தத் திசை என்றும் தெரியாமல் வருகிற சத்தம்தான் நெஞ்சைப் பிடிக்கிறது.

தீபாவளி என்ன, லட்சுமி வெடி என்ன, திரி எரிந்து முடிந்தால் வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம். நாய்க்கும் மாட்டுக்கும் குருவிக்கும் பஞ்சாங்கம் தெரியாது. அவற்றுக்கு ஒவ்வொரு வெடியும் ஒரு ராக் பர்ஸ்ட். இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். இதை ஒருவர் புரிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கே தோன்றிவிடும்.

கொஞ்சம் பௌதிகம்

மனிதக் காது ஒரு வினாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். அதுவும் சின்ன வயதில். என் வயதுக்கு மேல்பகுதி போய்விட்டது. தொலைக்காட்சிச் சத்தத்தை நான் கூட்ட, பேத்தி குறைக்க, தினமும் வீட்டில் யுத்தம். நாயின் காது சுமார் 45,000 அதிர்வுகள் வரை கேட்கும். பூனைக்கு 60,000-க்கும் மேல். பட்டாசு வெடிக்கும்போது நமக்குக் கேட்காத உயர்ந்த ஒலிகளும் சேர்ந்து கிளம்புகின்றன. ஆக, நாம் கேட்கும் வெடியைவிடப் பெரிய வெடியை அவை கேட்கின்றன.

பட்டாசுக்கு 1999-ல் மத்திய அரசு ஓர் உச்ச வரம்பு வைத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அனுமதி. 125-க்கும் 55-க்கும் 70தான் வித்தியாசம் என்று நினைக்கக்கூடாது. டெசிபலில் ஒவ்வொரு 10-க்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. 70 டெசிபல் என்றால் ஏழு முறை பத்தால் பெருக்க வேண்டும். ஒரு கோடி மடங்கு!

தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107, 64 மீட்டரில் 101. இது திறந்த வெளிக் கணக்கு. இரண்டு பக்கமும் சுவர் உள்ள தெருவில் எதிரொலி சேர்ந்து இவ்வளவுகூடக் குறையாது. அதாவது 200 அடி தள்ளிக் கொட்டகையில் கட்டியிருக்கிற மாட்டுக்கும் சத்தம் காதருகில்தான். இந்தக் கணக்கிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. சத்தத்தைக் குறைக்க மிகச் சுலபமான வழி தூரமும் சுவரும். இரண்டுமே காசு செலவில்லாதவை.

ஒரு மாமியின் நாய்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும், சென்னைக்கும், கடல் கடந்தும் போய்விட்டார்கள். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். பெரிய தோட்டமும் பழைய வீடுமாக இங்கேயே தங்கிவிட்ட வயதானவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் பல பேருக்குப் பேச்சுத்துணை ஒரு நாயோ பூனையோதான்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு மாமி இருந்தார். கணவர் காலமாகி, பிள்ளை வெளிநாட்டில். மாமியிடம் ஒரு நாட்டு நாய். எட்டு வயது. மாமி காலையில் காபி போட எழுந்திருக்கும்போது அதுவும் எழும். சாயங்காலம் விளக்கேற்றினால் வாசற்படியில் வந்து படுக்கும். வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளை தொலைபேசியில் பேசுவான். மற்ற ஆறு நாளும் மாமி அதனோடுதான் பேசுவார். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி இரவில் தெருமுனையில் பத்தாயிரம் வாலா வைத்தார்கள். பண்டிகைப் பட்சணம் கொடுக்க வந்தவர்கள் கேட்டைத் தாழ்போடாமல் போயிருக்கிறார்கள். நாய் பாய்ந்து ஓடிவிட்டது.

மறுநாள் காலையிலிருந்து தெருப் பையன்கள் தேடினார்கள். வெடி வைத்த பையன்களும் தேடினார்கள். அவர்கள் ஒன்றும் கெட்ட பிள்ளைகள் இல்லை. மாரிக்குப்பம் வரை, சயனைடு மண் மேடுகள் வரை, ரயில் பாதை ஓரம் எல்லாம் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. கழுத்துப் பட்டையில் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லாததால், யாராவது பார்த்திருந்தாலும் தெரிவிக்க வழியில்லை. மாமி தை பிறக்கும் வரை வாசலில் அதன் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளை வந்து அழைத்துப்போய்விட்டான். "தனியா இருக்க முடியும்னு அது இருந்தவரைக்கும் தைரியமா சொன்னேன்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெடித்தவர்கள் மேலும் கேட்டைத் திறந்து வைத்தவர்கள் மேலும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு தாழ்ப்பாளும், ஒரு கழுத்துப் பட்டையும், அரை மணி முன்னால் ஒரு வார்த்தையும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

மரத்தில் இருப்பவை

வீட்டுப் பிராணிக்காவது ஒரு எஜமானர் உண்டு. மரத்தில் தூங்குகிற பறவைக்கு யார் உண்டு? நெதர்லாந்தில் புத்தாண்டு இரவு 12 மணிக்கு ஊரே வாணவேடிக்கை விடும். அங்குள்ள விஞ்ஞானிகள் மழை மேகத்தைப் பார்க்கிற வானிலை ராடாரைக் கொண்டு பறவைகளைக் கவனித்தார்கள். 2011-ல் வெளியான ஆய்வில், வாணம் தொடங்கிய சில நிமிஷங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் இருட்டில் எழும்பி, 500 மீட்டர் உயரம் வரை பறந்தது தெரிந்தது. 2023-ல் வந்த மற்றோர் ஆய்வு, சாதாரண இரவைவிடச் சராசரி ஆயிரம் மடங்கு பறவைகள் அந்த இரவில் வானத்தில் இருந்ததாகவும், பாதிப்பு 10 கிலோமீட்டர் தூரம் வரை தெரிந்ததாகவும் சொல்கிறது. தூங்க வேண்டிய நேரத்தில் இருட்டில் பறப்பதால் உடம்பின் சக்தி செலவாகிறது. கம்பியிலும் சுவரிலும் மோதுகின்றன. அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்துப் பீபி என்ற ஊரில் 2010 டிசம்பர் 31 இரவு ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்து விழுந்தன. வெடிச் சத்தத்தில் மிரண்டு எழும்பி வீடுகளிலும் மரங்களிலும் மோதியதே காரணம் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

நம் கோலார் மாவட்டத்துக்கே உரிய ஒரு ஜீவனையும் சொல்ல வேண்டும். கோலார் இலைமூக்கு வௌவால் என்று பெயர். 1994-ல்தான் தனி இனம் என்று விஞ்ஞானிகள் விவரித்தார்கள். இன்று ஹனுமனஹள்ளியில் உள்ள ஒரு குகையில்தான் வசிக்கிறது. மொத்தம் ஏறக்குறைய இருநூறு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கல் உடைத்தலே அதற்குப் பெரிய ஆபத்தாக இருந்தது. காதை வைத்தே வழி கண்டுபிடித்து, காதை வைத்தே பூச்சி பிடித்து வாழ்கிற பிராணி. குகைகளுக்கும் குன்றுகளுக்கும் பக்கத்தில் வெடி வைக்கக்கூடாது என்பதற்கு நம் மாவட்டத்தில் இதைவிடக் காரணம் வேண்டுமா?

பறவைக்காக வெடியை விட்ட ஊர்கள்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்ற சிற்றூர்கள். அங்குள்ள கண்மாய்கள் 1977 முதல் பறவைகள் சரணாலயம். ஐப்பசி கார்த்திகையில் நத்தை குத்தி நாரையும், அரிவாள் மூக்கனும் கூடு கட்ட வரும் காலமும் தீபாவளியும் ஒன்றாக வருகின்றன. ஊர்க்காரர்கள் பல பத்து ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் இல்லை. சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தி வந்ததல்ல. ஊரே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொண்டுபோய்க் கொடுத்து அவர்களைக் கௌரவிக்கிறார்கள்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் பறவைகள் தெருவில் உள்ள மரங்களிலேயே கூடு கட்டும். அங்கும் வெடி கிடையாது. ஈரோடு அருகே வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இதே வழக்கம். மத்தாப்பு கொளுத்துகிறார்கள், புதுத்துணி உடுத்துகிறார்கள், பட்சணம் சாப்பிடுகிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் தீபாவளி உண்டு.

சட்டமும் நம் வழக்கமும்

ஒலி எழுப்பும் பட்டாசை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபரில் வந்த தீர்ப்பு தீபாவளிக்கு இரண்டே மணி நேரம் கொடுத்தது. சரவெடியையும் தடை செய்தது. பிறகு தென் மாநிலங்கள் அந்த இரண்டு மணியைத் தாங்களே பிரித்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. கர்நாடகத்தில் இரவு 8 முதல் 10 வரை என்று அறிவித்து வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. அந்தந்த வருஷத்து அரசாணையைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் எப்போதுமே கூடாது.

நம் வீடுகளில் கங்கா ஸ்நானம் ஆனவுடன் நாலரை மணிக்கு முதல் வெடி வைப்பது வழக்கம். அது இப்போது சட்டத்துக்கு விரோதம். ஸ்நானத்துக்கும் தீபத்துக்கும் எந்தத் தடையும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, விளக்கேற்றி, குழந்தைகள் கையில் சத்தமில்லாத கம்பி மத்தாப்பைக் கொடுத்தால் விடியற்காலை நிறைவாக இருக்கும். பிராம்ம முகூர்த்தம் அமைதிக்குப் பேர்போன நேரம்தானே?

பசுமைப் பட்டாசு என்று நாகபுரியில் உள்ள நீரி ஆய்வு நிலையம் உருவாக்கியது 2018-க்குப் பிறகு வந்திருக்கிறது. புகையும் தூசும் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. நல்லதுதான். பசுமைப் பட்டாசும் வெடித்தால் சத்தம் போடும் என்பதை மறக்கக்கூடாது. அட்டையில் பச்சை முத்திரை இருப்பதால் நாய் பயப்படாமல் இராது.

வால் கட்டி வெடி வைப்பது போன்ற விளையாட்டு 1960-ஆம் வருஷத்து மிருக வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ ஐந்து வருஷம் வரை சிறை என்கிறது. பேரக்குழந்தைகளிடம் இதைச் சிரித்த முகத்தோடு ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில், பண்டிகைக்கு முன். நாயைப் பழக்க விரும்புகிறவர்கள் ஆவணி அவிட்டத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். வெடிச் சத்தப் பதிவை மிகக் குறைந்த ஒலியில் வைத்து, அதே நேரத்தில் அதற்குப் பிடித்த தின்பண்டம் கொடுக்க வேண்டும். பயப்படாமல் இருந்தால் சில நாள் கழித்து ஒலியைக் கொஞ்சம் கூட்டலாம். பயந்தால் பழைய அளவுக்கு இறங்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்த சத்தம் பயமுறுத்தாது என்ற சங்கு விதி இங்கேயும் பொருந்தும். இந்த வருஷம் நேரம் இல்லை என்றால் அடுத்த வருஷத்துக்கு ஞாபகம் வையுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் எழுதி மாட்டுவதை மட்டும் நாளைக்கே செய்துவிடுங்கள். மிகவும் பயப்படுகிற பிராணியைக் கால்நடை மருத்துவரிடம் ஒரு வாரம் முன்பே காட்டுங்கள். நம் தூக்க மாத்திரையில் பாதி கொடுப்பது வேண்டவே வேண்டாம். பூனைக்குப் பாரசிட்டமால் உயிரையே வாங்கிவிடும்.

அன்றைய தினம், வெளிச்சம் இருக்கும்போதே நாயை வெளியே அழைத்துப்போய் வந்துவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் வீட்டின் நடு அறை. ஜன்னலைச் சாத்தித் திரை போடுங்கள். மின்விசிறியும் வானொலியும் ஓடட்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய போர்வை, பக்கத்தில் தண்ணீர். சங்கிலியில் கட்டாதீர்கள்; பயத்தில் இழுத்துக் கழுத்தை நெரித்துக்கொள்ளும். ஒளிந்துகொண்டால் வெளியே இழுக்காதீர்கள். பக்கத்தில் வந்தால் தடவிக் கொடுங்கள். தடவினால் பயம் கூடும் என்பது தவறான நம்பிக்கை. கூண்டுப் பறவையை உள்ளறைக்கு மாற்றி, காற்று போக இடம் விட்டுத் துணி போர்த்துங்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன்.

பசு வைத்திருப்பவர்கள் தெருவை ஒட்டிய கொட்டகையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றுங்கள். கயிறு குட்டையாக வேண்டாம். வைக்கோல் போர் அருகில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். தெரு நாய்க்காக ஒரு காரியம் செய்யலாம். இரவு பத்து வரை திண்ணையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஒரு சாக்கு போட்டு வையுங்கள். வந்து படுத்தால் விரட்டாதீர்கள். சொந்த நாய் உள்ளவர்கள் மட்டும் கேட்டைத் தாழ்போட மறக்கக்கூடாது.

பட்சண விஷயம் மாமிகளுக்கு. திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம். மிக்ஸரில் பூண்டும் உலர்திராட்சையும், பஜ்ஜியில் வெங்காயமும் இருக்கும். நெய்ப் பலகாரம் அதிகமானால் கணையம் வீங்கும். அன்பு மிகுதியால் தீபாவளி லேகியமும் ஊட்ட வேண்டாம். அது நமக்கே போதாது.

வாணம் விடும் இடம் மரத்தடியாக இருக்கக்கூடாது. காக்கையும் மைனாவும் சாயங்காலம் எந்த மரத்தில் கூடுகின்றன என்று இந்த வாரமே பார்த்து வையுங்கள். அந்த மரத்தை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு நல்லது; அந்தப் பக்கமாக ராக்கெட் விடாதீர்கள்.

மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கும்போது கவனம். பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் செயலிழக்கும். வெடிக்காத மருந்தை நாயும் மாடும் நக்கினால் ஆபத்து. மத்தாப்புக் கம்பிகளைக் கொளுத்தும்போதே தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் யார் காலிலும் குத்தாது.

நெருப்புப் பண்டிகைகள்

கார்த்திகையில் கோயில் சொக்கப்பனை, மார்கழிக் கடைசியில் போகி. இவற்றில் சத்தத்தைவிடக் குவியல்தான் ஆபத்து. போகிக்கு ஒரு வாரம் முன்பே பழைய பாயும் முறமும் சருகும் தோட்ட மூலையில் சேர்ப்போம். மார்கழிக் குளிரில் வெதுவெதுப்பான இடம் தேடுகிற தேரையும், அரணையும், ஓணானும், குட்டி போட இடம் தேடுகிற பூனையும் அதைப் பார்க்கின்றன. அவற்றுக்கு அது யாரோ கட்டிக் கொடுத்த வீடு. விடியற்காலை இருட்டில் நாம் நாலு பக்கமும் நெருப்பு வைக்கிறோம்.

தீர்வு மிகச் சுலபம். சேர்த்த இடத்தில் கொளுத்தாதீர்கள். கொளுத்தும் முன் குவியலைக் கழியால் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்து வேறு இடத்தில் அடுக்குங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் பற்றவையுங்கள். மறு பக்கம் ஓட வழி இருக்கட்டும். குறைவாக எரித்தால் இன்னும் உத்தமம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கவே கூடாது என்பது யாவரும் அறிந்ததே. சருகை எரிக்காமல் ஒரு மூலையில் மட்கவிட்டால் தோட்டத்துக்கு உரம், தேரைக்கு வீடு. தேரை கொசுவைத் தின்னும், வாடகை கொடுத்துவிடும்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது என்பவர்களுக்கு

நான் சாஸ்திரம் படித்தவன் அல்ல என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் கிருஹஸ்தனுக்குச் சொன்ன பஞ்ச மகா யக்ஞங்களில் பூத யக்ஞம் ஒன்று என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். பிராணிகளுக்கு அன்னம் இடுவது. இன்றும் பல வீடுகளில் காக்கைக்குச் சாதம் வைக்காமல் யாரும் இலையில் உட்காருவதில்லை. போகி கழிந்து மூன்றாம் நாள் கனுப்பிடி வைத்து, நம் பெண்கள் கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று காக்கையைத்தான் கூப்பிடுகிறார்கள். வருஷம் முழுவதும் சோறு போட்டு அழைக்கிற ஜீவனை இரண்டு இரவு ஊரை விட்டே விரட்டுவது பொருத்தமாக இல்லை. அன்னம் இடுவது எப்படி ஒரு தர்மமோ, அந்த இரவில் நிம்மதியாக ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுப்பதும் அப்படி ஒரு தர்மம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிவகாசித் தொழிலாளி என்ன செய்வார் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. சுரங்கம் மூடினால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று பார்த்த நாம், அந்தத் தொழிலாளியின் பிழைப்பை லேசாகப் பேச முடியாது. புஸ்வாணமும், சங்கு சக்கரமும், மத்தாப்பும், சாட்டையும் அவர்கள் செய்ததுதான். அணுகுண்டுக்குச் செலவழிக்கிற பணத்தை இவற்றுக்குச் செலவழித்தால் சிவகாசிக்கு நஷ்டம் இல்லை. நம் கண்ணுக்கும் விருந்து.

ஒரு யோசனை

கடைசியாக, நம் கிளைக்கு ஒரு யோசனை. தங்கவயலில் திறந்த மைதானங்களுக்குப் பஞ்சம் இல்லை. வீட்டு வாசலில் ஆளுக்கொரு நேரத்தில் வெடிக்காமல், மரங்களை விட்டுத் தள்ளி ஒரு மைதானத்தில் எல்லோரும் எட்டரை மணிக்குக் கூடுவோம். ஒன்பது மணிக்கு முடித்துக்கொள்வோம். தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும், அவர்கள் நம் சங்கத்தைச் சேர்ந்தவர்களோ இல்லையோ, எந்த மதமோ, முதல் நாளே போய் "நாளை எட்டரைக்கு ஆரம்பிக்கிறோம், நாயை உள்ளே வையுங்கள், கேட்டைத் தாழ்போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவோம். கைக்குழந்தை உள்ள வீடும், நெஞ்சு வலிக்காரர் உள்ள வீடும்கூட நம்மை வாழ்த்தும். தனியாக இருக்கிற மாமாவும் மாமியும் அந்த அரை மணி நேரம் தங்கள் பிராணியோடு அறையில் உட்கார்ந்துகொள்ளலாம். பிறகு பட்சணம் சாப்பிட நாமே அவர்கள் வீட்டுக்குப் போவோம்.

இது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. அரை மணியில் அடங்குகிற விஷயம். முன்னறிவிப்பு கொடுத்தால் மனிதருக்குப் பயம் போகும். அறிவிப்பைப் புரிந்துகொள்ள முடியாத ஜீவனுக்கு அந்த மனிதர் ஒரு மறைவிடம் கொடுப்பார். இவ்வளவுதான் ஏற்பாடு.

செயலாளர் இந்த யோசனையைச் சபையில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிற ஊர்க் கிளைகளும் தங்கள் தெருவுக்குத் தக்கபடி இதைச் செய்து பார்த்து, அடுத்த இதழுக்கு நாலு வரி எழுதிப் போட்டால் மகிழ்ச்சி அடைவேன்.

 உங்கள் இல்லங்களில் தீபம் ஒளிரட்டும்.